படி ஏற முடியலைன்னா ஆஸ்பத்திரி இறங்கி வரணும்!

மாதனூர் பஸ் ஸ்டாப்பில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள் தோளில் பையும் கையில் டிபன் பாக்ஸுமாக நெருக்கியடித்து பஸ் ஏறுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணை நீங்களாகவே கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது முப்பதை ஒட்டி இருக்கும். குழந்தையாக இருந்தபோது போலியோ தாக்கி இடது கால் சூம்பிவிட்டது. முட்டியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். ஆனால் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால், ஷூவின் மேல் தோல் தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மூத்த பையன் யு.கே.ஜி. படிக்கிறான். இப்போது மறுபடியும் ஐந்தாவது மாசம்.

ஒரு நாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். வாசலில் நாலு படி. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. எப்படியோ சுவரைப் பிடித்து ஏறுகிறாள். கர்ப்பிணிகளைப் பார்க்கிற அறை மாடியில். மூச்சு வாங்க அங்கேயும் ஏறிவிட்டால், படுக்கச் சொல்கிற கட்டில் இடுப்பு உயரம். ஒரு காலை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவது? தடுமாறி நிற்கிறாள். அப்போது வருகிறது ஒரு வார்த்தை:

"இன்னாம்மா... கால இப்டி வெச்சிக்கினு, ரெண்டாவது புள்ள உனுக்குத் தேவையா?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மாமியாரிடம், "எல்லாம் நல்லா இருக்குதாம் அத்தே" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அடுத்த மாசம் போகவில்லை. அதற்கடுத்த மாசமும் போகவில்லை. ஏழாவது மாசத்தில் முகம் வீங்கி, தலைவலி தாங்காமல், கண் மங்கலாகத் தெரிகிறது என்று ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பிரஷர் 160-க்கு 110!

இந்த ஆபத்துக்குக் காரணம் அவள் கால் இல்லை. நாலு படியும் ஒரு வார்த்தையும்தான். அதனால்தான் இந்த விஷயத்தைக் குடும்ப ஆரோக்கியப் பக்கத்தில் எழுதுகிறோம்.

இது மரியாதை பிரச்னை மட்டுமா?

கர்ப்ப காலத்தில் வரும் ரத்தக்கொதிப்பு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. கையில் பட்டையைக் கட்டி அளந்து பார்த்தால்தான் தெரியும். ரத்தசோகையும் அப்படித்தான். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும் அப்படித்தான். அதற்காகத்தான் நம் நாட்டில் ஒரு கர்ப்பத்துக்குக் குறைந்தது நான்கு பரிசோதனைகள் என்று வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் அதை எட்டு முறை என்று உயர்த்திச் சொன்னது. இதில் இரண்டு மூன்று தவறினால், கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் வியாதி கண்டுபிடிக்கப்படாது. அவ்வளவுதான் கணக்கு.

படி ஏற முடியாதவர், காது கேளாதவர், கண் தெரியாதவர், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர், தொழுநோய் வந்து குணமானவர், ஹெச்.ஐ.வி. உள்ளவர்... இவர்களில் பலர் வியாதியை விட, வியாதியைக் காட்டப் போகிற இடத்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஒரு தடவை அவமானப்பட்டவர் இரண்டாம் தடவை போக மாட்டார். "வீட்டிலேயே கஷாயம் வெச்சு குடிச்சுக்கலாம்" என்று இருந்துவிடுவார். பாரபட்சம் மனதை மட்டுமல்ல, உடம்பையும் கெடுக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

"நம்ம வீட்ல அப்படி யாரும் இல்லையே" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பக்கவாதம் வந்த மாமனார், மூட்டு வலியால் படி ஏற முடியாத அம்மா, பார்க்கின்சன்ஸ் வந்து கை நடுங்கும் பெரியப்பா, பேச்சு தாமதமான பேரக் குழந்தை, பிரசவத்துக்கு முந்தின மாசத்தில் இருக்கும் உங்கள் மகள்... இவர்கள் எல்லோருக்கும் அந்த நாலு படி பகைதான்.

சட்டம் உங்கள் பக்கம்

1995-ல் நம் நாட்டில் ஊனமுற்றோருக்கென்று முதல் தடவையாக ஒரு முழுச் சட்டம் வந்தது. அதில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. அதற்குப் பதிலாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அடுத்த வருடம் ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்தது. இதில் வகைகள் 21. கை, கால், கண், காது மட்டுமல்ல. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பார்க்கின்சன்ஸ், தசைச் சிதைவு, ஹீமோபீலியா, தலசீமியா, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோர், தொழுநோயிலிருந்து குணமானோர் என்று பட்டியல் நீள்கிறது.

இந்தச் சட்டத்தின் 25-வது பிரிவை மட்டும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியம் பற்றிய பிரிவு இதுதான். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் அதன் எல்லாப் பகுதிகளுக்கும் தடையில்லாமல் போய்வர வழி இருக்க வேண்டும். பார்ப்பதிலும் சிகிச்சை தருவதிலும் மாற்றுத்திறனாளிக்கு முன்னுரிமை தர வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் பிரசவத்துக்கு முன்பும், பிரசவத்தின்போதும், பின்பும் கவனிப்புக்கு ஏற்பாடு வேண்டும். அடுத்து 45-வது பிரிவு. இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாம் விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருடத்துக்குள் எல்லோரும் போகும்படி மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. முதலில் மாற்ற வேண்டியவை எவை என்று சொல்கிறபோது, ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, பள்ளிக்கூடம், ரயில் நிலையம், பஸ் நிறுத்தம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. "ஃபண்டு வந்தா பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை இது.

2024 நவம்பர் 8-ல் சுப்ரீம் கோர்ட் இன்னொரு படி மேலே போனது. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் தொடுத்த வழக்கில், தடையற்ற வசதிகளுக்கான அளவுகளை வெறும் ஆலோசனையாக வைத்திருந்த விதி சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தள்ளி, கட்டாய அளவுகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

சட்டத்தில் இன்னொரு நல்ல கருத்தும் உண்டு: ஆளுக்கு ஏற்றபடி சின்னச் சின்ன மாற்றம் செய்து தர வேண்டும் என்பது. பெரிய கட்டட வேலையெல்லாம் இல்லை. மாடியில் இருக்கும் டாக்டர் அரை மணி நேரம் கீழே வந்து பார்ப்பது, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஏறுபலகை போடுவது, காது கேளாதவருக்கு எழுதிக் காட்டுவது, ஆட்டிசம் உள்ள குழந்தையைக் கூட்டம் குறைந்த நேரத்தில் வரச் சொல்வது... இப்படிப்பட்டவைதான். அதிகச் சுமையில்லாமல் செய்யக்கூடியதைச் செய்ய மறுப்பதும் பாரபட்சம் என்றே சட்டம் சொல்கிறது.

அடையாள அட்டை இல்லாவிட்டால்?

பலரும் குழப்பிக்கொள்கிற இடம் இது. உதவித்தொகை, இட ஒதுக்கீடு போன்ற பலன்களுக்குத்தான் 40 சதவிகிதம் என்ற கணக்கும் சான்றிதழும் வருகின்றன. மரியாதையாக நடத்தப்படுவதற்கும், வாசலில் சாய்தளம் கேட்பதற்கும் சதவிகிதம் கிடையாது. ஆனாலும் யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வரிசையில் முன்னுரிமை கேட்கும்போது வாக்குவாதம் மிச்சமாகும்.

சாய்தளம் என்றால் சறுக்கு மரம் அல்ல!

சில இடங்களில் 'ராம்ப்' போட்டிருக்கிறோம் என்று ஒரு சிமெண்ட் சரிவைக் காட்டுவார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, பைக்தான் ஏறும். மத்திய அரசின் 2021-ம் வருட வழிகாட்டியில் உள்ள அளவு மிக எளிமையானது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். வாசலில் இரண்டடி உயரத்துக்குப் படி இருந்தால் சாய்தளம் இருபத்து நாலு அடியாவது நீள வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி. கதவின் இடைவெளி 90 சென்டிமீட்டர். அடுத்த தடவை போகும்போது தையல் டேப் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்களேன்! அளந்து எழுதிக் கொடுத்தால், "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று யாராலும் மழுப்ப முடியாது.

வேலூரில் ஒரு சக்கர நாற்காலி

"இவங்களுக்கு என்ன பெரிசா செய்ய முடியும்?" என்று கேட்பவர்களுக்கு, மாதனூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிற வேலூரிலேயே பதில் இருக்கிறது.

டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்துப் பெண். வேலூர் சி.எம்.சி.யில் படித்து அங்கேயே டாக்டராக இருந்தவர். 1954-ல் நடந்த ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனது. "இனி அவ்வளவுதான்" என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அங்கே இருந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்துவதில் உலகுக்கே வழிகாட்டியவர். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்ற யோசனை எழுந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் கைகளைச் சரி செய்தார்! பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1960-களில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டி எழுப்பினார். 1972-ல் பத்மஸ்ரீ. அவர் பெயரில் உள்ள மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இன்றும் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். மேரி வர்கீஸின் கால் சரியாகவில்லை. வேலை செய்யும் முறைதான் மாறியது. ஒரு டாக்டருக்காக அன்று மாற்ற முடிந்தது என்றால், ஒரு கர்ப்பிணிக்காகக் கட்டிலின் உயரத்தை இன்று மாற்ற முடியாதா?

தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா?

படி இல்லாத இடத்திலும் தடை உண்டு. அது மற்றவர்கள் மனதில் இருக்கிறது. வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-ல் தொழுநோய் மருத்துவமனையும் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கியது. அதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே, தொழுநோயாளிகளைத் தனியே அடைத்து வைக்க 1898-ல் வெள்ளைக்காரர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. அதை முழுசாக ஒழித்தது எப்போது தெரியுமா? 2016-ல்! தொழுநோய் வந்தது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி விவாகரத்து வாங்கலாம் என்று திருமணச் சட்டங்களில் இருந்ததை நீக்கியது 2019-ல்.

விஞ்ஞானம் சொல்வது இதுதான். கூட்டு மருந்து சிகிச்சையை ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் தொழுநோய் குணமாகிவிடும். மருந்து அரசாங்கத்தில் இலவசம். சிகிச்சை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. மடங்கிய விரல் பழைய வியாதி விட்டுப்போன தழும்பு. தழும்பு ஒட்டிக்கொள்ளாது.

தோல் தொழில் ஊர்களில் இன்னொன்றும் உண்டு. டேனரியில் குரோமியம் உப்பில் கை வைத்து வேலை செய்கிறவர்களில் சிலருக்கு அலர்ஜியால் தோல் தடித்து, வெடித்து, நீர் கசியும். அதைப் பார்த்து பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி பெஞ்சிலும் ஒதுங்கி உட்காருகிறார்கள். அது தொற்று இல்லை. தொழில் தந்த அலர்ஜி. அந்தக் கைக்குத் தேவை டாக்டர், களிம்பு, கையுறை.

ஹெச்.ஐ.வி. விஷயத்துக்கு வருவோம். இந்தியாவில் அது இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது 1986-ல். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, சென்னையில் மாணவியாக இருந்த டாக்டர் நிர்மலா செல்லப்பன் எடுத்து வந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தது நம்ம வேலூர் சி.எம்.சி.யில்தான். 2017-ல் வந்த ஹெச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் அடுத்த வருடம் செப்டம்பரில் அமலானது. அதன்படி ஹெச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி சிகிச்சை மறுக்கக் கூடாது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. முடிவை ஊரறியச் சொல்லவும் கூடாது. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையில் இதற்கென்று ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும். ஹெச்.ஐ.வி. உள்ள தாய் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் குழந்தைக்குத் தொற்றாமல் பெருமளவு தடுக்கலாம். விரட்டினால் தாய் மருந்தைவிட்டே ஓடிப்போவாள். குழந்தைக்கும் சேர்த்து ஆபத்து.

"உனக்கு எதுக்குப் புள்ள?"

இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. டாக்டருக்கும் இல்லை, சொந்த அம்மாவுக்கும் இல்லை. 2016 சட்டத்தின் 10-வது பிரிவு, குழந்தைப் பேறு, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. அவர்களே புரிந்துகொண்டு மனமொப்பிச் சம்மதிக்காமல் கருத்தடை ஆபரேஷன் செய்யக்கூடாது என்றும் தீர்மானமாகச் சொல்கிறது. 2009-ல் சண்டிகரில் அறிவுத்திறன் குறைபாடு உள்ள இளம்பெண் ஒருவரின் கருவைக் கலைக்கச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவிட்டபோது, அந்தப் பெண் குழந்தையைப் பெற்றுக்கொள்ளவே விரும்புகிறாள் என்று சொல்லி சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தியது.

குறைபாட்டைக் காரணம் காட்டி, பெற்றவர்களிடமிருந்து குழந்தையைப் பிரிக்கவும் கூடாது. கோர்ட் உத்தரவு இருந்தால்தான் முடியும். மனநல மருத்துவமனையில் ஒரு தாய் சிகிச்சை பெறும்போது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாக அவளிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2017-ம் வருட மனநலச் சட்டமும் சொல்கிறது.

டாக்டர் கேட்க வேண்டிய நியாயமான கேள்விகள் வேறு. "எந்தக் கால் மேல அதிகமா பாரம் போகுது? இடுப்பு வலி உண்டா? போன பிரசவம் எப்படி ஆச்சு? வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" இவை அக்கறை. வலிப்பு மாத்திரை, மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் தெரிந்ததும் தாங்களாகவே நிறுத்திவிடாமல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மிரட்டாத இடத்தில்தான் உண்மை வெளியே வரும்.

பேச்சு புரியணும், ஜாதி தெரியக் கூடாது

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் வீட்டில் உருது பேசுகிற குடும்பங்கள் ஏராளம். வேலை தேடி வந்த வடநாட்டுக் குடும்பங்களும் உண்டு. "கையெழுத்து போடும்மா" என்று நீட்டிய காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போடுவது சம்மதம் ஆகாது. தெரிந்த மொழியில் விளக்கம் கேளுங்கள். உதவிக்கு ஒரு பெண்மணியைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகிற சின்னப் பிள்ளையை வைத்து அம்மாவின் கர்ப்பப்பை சமாசாரத்தை மொழிபெயர்க்கச் சொல்வது நாகரிகமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

தீண்டாமையைக் காரணமாக்கி மருத்துவமனைக்குள் விடாமல் தடுப்பது 1955-ம் வருடச் சட்டத்திலிருந்தே குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரே சேர்க்கப்பட்டிருக்கிறது. அங்கன்வாடியில் ஒரு குழந்தைக்கு மட்டும் தட்டு தனியாக இருந்தால், "குழந்தைங்க விஷயம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். பாடம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அங்கன்வாடி என்றதும் இன்னொன்று. மூளை வாதமோ ஆட்டிசமோ உள்ள குழந்தையை, "இங்க சமாளிக்க முடியாதுக்கா" என்று திருப்பி அனுப்புவது சரியல்ல. இந்தக் குழந்தைகளைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ள, மத்திய அரசு 2023 நவம்பரில் அங்கன்வாடிகளுக்கென்றே தனி நடைமுறை வெளியிட்டது. எடை பார்ப்பது, சத்துமாவு தருவது, தடுப்பூசி போடுவது எல்லாம் மற்றக் குழந்தைகளைப் போலவே அவர்களுக்கும் உண்டு. "இந்தப் புள்ளைக்கு எதுக்கு ஊசி?" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூச்சுத் திணறல், விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தைக்குத் தடுப்பூசி இன்னும் முக்கியம்.

எப்படிக் கேட்பது?

கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் சத்தம் போட்டால் காரியம் கெடும். காகிதம் போட்டால் காரியம் நடக்கும்.

முதல் படி, வாயால் கேளுங்கள். மரியாதையாக, தெளிவாக. "சிஸ்டர், எனக்கு மாடி ஏற முடியாது. டாக்டர் கீழே வந்து பார்க்க முடியுமா?" பல இடங்களில் இதுவே போதும். உங்கள் பகுதி நர்சம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் இன்னும் சுலபம்.

இரண்டாவது, எழுதிக் கொடுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"வட்டார மருத்துவ அலுவலர் அவர்களுக்கு, வணக்கம். எனக்குப் போலியோவால் இடது கால் பலமில்லை. இப்போது ஐந்து மாத கர்ப்பம். இந்தத் தேதியில் பரிசோதனைக்கு வந்தபோது மாடி ஏறவும், கட்டிலில் ஏறவும் முடியவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 25-ன்படி என்னைத் தரைத்தளத்தில் பரிசோதிக்கவும், ஏறுபலகை வைக்கவும், வாசலில் கைப்பிடியுடன் சாய்தளம் அமைக்கவும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பரிசோதனைத் தேதிக்குள் பதில் தரவும்."

தேதி, கையெழுத்து, முகவரி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, பதில் இல்லையென்றால் மேலே போங்கள். மாவட்ட சுகாதார அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது ஞாபகம் இருக்கட்டும். மாதனூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். பழைய பழக்கத்தில் வேலூருக்கு மனு எடுத்துக்கொண்டு போய் அலையாதீர்கள். கலெக்டர் ஆபீசும் சரிப்படவில்லையா? சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அவருக்குத் தபாலிலேயே புகார் அனுப்பலாம். சட்டத்தை மீறினால் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரையும், மறுபடி மீறினால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரையும் அபராதம் உண்டு. பலர் முன்னிலையில் வேண்டுமென்றே ஒரு மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்தினால் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை ஜெயில்.

நான்காவது, தகவல் உரிமைச் சட்டம். "இந்தக் கட்டடத்தில் சாய்தளம் எப்போது கட்டப்படும்?" என்று பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், எழுதிக்கொள்ள உதவ வேண்டியது அந்த அதிகாரியின் கடமை.

கூடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

தப்பு கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் மட்டும் இல்லை, நம்மிடமும் உண்டு. டாக்டர் நோயாளியைக் கேட்கும்போது நாம் முந்திக்கொண்டு பதில் சொல்கிறோம். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார், நான் சொல்றேன்." வேண்டாம். அவளே சொல்லட்டும். காது கேளாதவரிடம் முகத்துக்கு நேராக, மெதுவாகப் பேசும்படி டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா போட்டுத் தரச் சொல்லுங்கள். கண் தெரியாதவருடைய மருந்து பாட்டில்களில் ஒன்றுக்கு ஒரு ரப்பர் பேண்ட், இன்னொன்றுக்கு இரண்டு என்று அடையாளம் போடுங்கள். முக்கியமாக, வீட்டில் இருப்பவரை வெளியே காட்ட வெட்கப்பட்டு ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

படுக்கையிலேயே இருப்பவர் என்றால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும்படி ஏற்பாடு செய்தார்கள். 2025 ஆகஸ்ட்டில் 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் 'தாயுமானவர்' திட்டம் தொடங்கியது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் நர்சம்மாவிடமும் ரேஷன் கடையிலும் இன்றே விசாரியுங்கள். கேட்காத வீட்டை யாரும் தேடி வருவதில்லை.

சரி, மாதனூர் பஸ் ஸ்டாப்பில் விட்ட பெண்ணுக்கு வருவோம். கதையை இப்படி மாற்றிப் பாருங்கள். ஐந்தாவது மாசம் அவமானப்பட்டு வீடு திரும்பிய அன்று, "எல்லாம் நல்லா இருக்குதாம்" என்று அவள் சொன்னதை மாமியார் நம்பவில்லை. முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டார். "அவங்க சொன்னா போவாம இருந்துடுவியா? வா, நான் வரேன்." புருஷன் உட்கார்ந்து மனு எழுதினான். அடுத்த மாசம் கீழ் அறையில் ஒரு பெஞ்சு போட்டார்கள். பக்கத்தில் ஒரு ஏறுபலகை. அவ்வளவுதான் செலவு. ஆறாவது மாசமே பிரஷர் ஏறுவது தெரிந்துவிட்டது. மாத்திரை, ஓய்வு, வாரா வாரம் பரிசோதனை, பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு முன்னேற்பாடு.

இரண்டு கதைக்கும் நடுவில் இருப்பது ஒரு ஏறுபலகை, ஒரு மனு, "வா, நான் வரேன்" என்று சொல்ல வீட்டில் ஒருவர். அந்த ஒருவர் உங்கள் வீட்டில் நீங்களாக இருங்களேன்!